முல்லைப் பந்தலில் இருக்கும் கூடு

தம்பி,

உன் இன்லண்ட் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன், மறுபடியும் படித்தேன், குழம்பைத் திரும்ப ஏற்ற மறந்தே போனேன். வாலாஜாபாத்தில் புது வாடகை வீடு அமைந்துவிட்டது, பின்பக்கம் கிணறும் கொய்யா மரமும் முல்லைப் பந்தலும் இருக்கின்றன, அரிசி மில்லிலிருந்து வந்ததும் நீயும் கஸ்தூரியும் பந்தலடியில் பாயைப் போட்டுக் காற்று வாங்குகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கடைசியில், இடம் போதாமல் மடிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில், பந்தலில் குளவி கூடு கட்டியிருக்கிறது, தெருவில் எல்லாரும் நல்ல சகுனம் என்கிறார்கள், கஸ்தூரி அதைத் தொடவே விடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் ஒன்று அவள் மணிக்கட்டில் கொட்டி, கை முழங்கை வரை வீங்கி, கொஞ்ச நேரம் மூச்சுத் திணறி, சுண்ணாம்பு தடவியதும் சரியாகிவிட்டதாம். அதற்குப் பக்கத்திலேயே, "நீதான் பட்டிக்காட்டுக்காரி ஆச்சே, ஒரு யோசனை சொல்லும்மா" என்று கேலி வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டை எடுத்துவிடு. யோசனை அவ்வளவுதான். ஒரு வரியில் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்துதான் கடையில் தாள் வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது, எழுத்து முன்னே பின்னே இருக்கும். பஸ் ஏறி வந்து நேரில் சொல்லலாம்தான். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் பாதியில் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது.

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டை எடு என்றதும் நீ மிரண்டுபோய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய்; உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? வெயில் காலத்தில் ஓட்டுக்கடியில் வேகாமல் வெளியே உட்காரத்தான் தோட்டம். குளவி வரத்தான் செய்யும். பங்குனி தாண்டினால் அதற்கும் தாகம். கிணற்றடித் தொட்டியை மூடி வை. பந்தலைவிட்டுத் தள்ளி, வேலியோரமாக ஒரு உடைந்த சட்டியில் தண்ணீர் ஊற்றி நாலு கல்லைப் போட்டு வைத்தால், கல்லில் உட்கார்ந்து குடித்துவிட்டு அது பாட்டுக்குப் போகும். கொய்யாப் பழம் விழுந்தால் வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிடு. அழுகின பழத்துக்குத்தான் அது கூட்டம் கூட்டமாக வரும். மாம்பழம் தின்ற கொட்டையைப் பந்தலடியில் வீசாதே, அந்தக் கெட்ட பழக்கம் உனக்கு உண்டு. பானகம் கரைத்து வைத்தால் டம்ளரைத் தட்டால் மூடு, வாயில் வைக்கும் முன்னால் உள்ளே பார். கொடியில் காய்ந்த ரவிக்கையை உதறாமல் போட வேண்டாம் என்று கஸ்தூரியிடம் சொல். ஒன்று வந்து முகத்தைச் சுற்றினால் கையை வீசாதே. அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும். பாலாற்றங்கரையில் எங்கள் கரும்புத் தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் நாள் முழுவதும் அதோடு சேர்ந்து இருந்தோம். ஒன்றிரண்டு குளவி வந்து போகிற தோட்டத்தில் மனுஷன் உட்காரலாம். தலைக்கு மேல் கூடு இருக்கிற தோட்டத்தில் உட்காரக் கூடாது. இந்த வித்தியாசம் மட்டும் உனக்குப் புரிந்தால் போதும்.

இன்னொன்று. சகுனம் என்று சொல்கிறார்களே, அது எந்தக் குளவிக்கு என்று உன் தெருக்காரர்களைக் கேள். ஒற்றையாக வந்து, மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து, சுவர் மூலையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் அப்பி வைக்குமே, அந்த மண் கூட்டுக்குச் சொன்னது அது. அந்தக் குளவி வீட்டில் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும், கூட்டைக் கலைத்தால் வயிறு கலையும் என்பார்கள். அதை நம்பினாலும் நஷ்டமில்லை. மண் குளவி யாரையும் தேடிவந்து கொட்டாது. உன் பந்தலில் இருப்பது, நீ எழுதியிருக்கிறபடி பார்த்தால், சாம்பல் நிறத்தில், காய்ந்த தாள் மாதிரி, ஓட்டை ஓட்டையாக, காம்பு வைத்துத் தலைகீழாகத் தொங்குகிறது. அது கூட்டமாக இருக்கிற ஜாதி. ஒன்றைத் தொட்டால் அத்தனையும் இறங்கும். மண் கூட்டுக்குச் சொன்னதைத் தாள் கூட்டுக்கும் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்பமே அதைக் கும்பிட்டது, நம் பிள்ளையார்பாளையம் வீட்டில். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். உன் அத்தை அம்சாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் ஆயா சொன்னதுதான். நான் சொல்லி நீ கேட்டதே இல்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது காசை நயா பைசா என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். என் மாமியார், அதாவது உன் ஆயா, தன் புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டு, மகனைத் தறியில் உட்கார வைத்து, மகளையும் வளர்த்து ஆளாக்கியவள். மகன் உன் அப்பா. மகள் அம்சா. நான் நாலாவது ஆள். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே தறியை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கிவிட்டது, அதனால் எனக்குப் பட்டு நூலைத் தொடக்கூடத் தெரியாது. கையில் காப்புக் காய்த்த கிராமத்துப் பெண் பட்டைத் தொட்டால் நூல் பிசிறும் என்று மாமியார் முகத்தைச் சுளிப்பாள். அம்சாதான் என் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெதுவாக்கி, ராட்டையைச் சுற்றப் பழக்கினாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். அவள் அம்மா மாதிரியே, அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசுவாள். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அவளோடு இருந்தபோது மட்டும்தான்.

மூன்று வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. காஞ்சிபுரத்தில் கோயிலுக்குக் குறைவா என்ன? ஒன்று விடாமல் சுற்றினோம். மரத்தில் தொட்டில் கட்டினோம். மாதம் தள்ளிப்போகும், மாமியார் முகம் மலரும், பத்து நாள் கழித்து நான் தலைக்கு ஊற்றிக்கொள்வேன், அவள் முகம் சுருங்கும். அப்புறம் அப்புறம் நாள் தள்ளிப்போனாலும் நான் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன். என் மாமியார் கெட்டவள் இல்லை, தம்பி. என்னை ஒரு நாளும் கைநீட்டியது கிடையாது, சோற்றில் குறை வைத்தது கிடையாது. ஆனால் தெருவில் எந்த வீட்டில் சீமந்தம் என்றாலும் போய்விட்டு வந்து, புடவையை மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவாள். அதற்கு அடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நம் வீட்டுத் தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும்; அகலம் இல்லாமல் நீளமாக, கிணறும் முருங்கையும் பந்தலுமாக. வெயில் காலத்தில் வீட்டுக்குள் அனலடிக்கும், பட்டு நூல் காய்ந்து சும்மா சும்மா அறும். அதனால் சித்திரை பிறந்தால் பொம்பளைங்க நாங்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு பந்தலடிக்குப் போய்விடுவோம். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் ஜில்லென்று இருக்கும், நூலும் சொன்ன பேச்சைக் கேட்கும், மேலே முல்லை வாசம். அந்த வருஷம் பூப்பறிக்கப் பந்தலுக்குள் தலையை விட்ட அம்சாதான் கூட்டை முதலில் பார்த்தாள். கத்தினாள். மாமியார் ஓடிவந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வந்துடுச்சிடி! கூடு கட்டிக்கினு இருக்குது பாரு. வூட்டுக்குப் புள்ள வரப்போவுது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "அத்தே, இது அந்தக் குளவி இல்லீங்க. இது தொங்கற கூடு. எங்க ஊர்ல இத்த பாத்தா அன்னைக்கே கொளுத்திடுவாங்க" என்றேன். மாமியார் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அதில் கோபம் இல்லை. பயந்துபோன பார்வை. "இன்னாடி சொல்ற? கொளுத்தறதா? உனக்குப் புள்ள வேணாமா?" என்றாள். பின்கதவுக்கு உள்ளே, தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை உன் அப்பா நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா சொல்றாங்க இல்ல, உட்டுடு" என்று சொல்லிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? பிள்ளை இல்லாதவள் கூட்டைக் கொளுத்து என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "வேணும் அத்தே" என்றேன்.

அந்த வாரமே அம்சாவை ஒரு தடவை கொட்டிவிட்டது. காதுக்குக் கீழே ஒரே ஒரு கொட்டு. கண் இரண்டும் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததும், "கண்ணாடியப் பாத்து நானே பயந்துட்டேன் அண்ணி" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். கஸ்தூரி மணிக்கட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுக் குழம்பை ஏன் மறந்துபோனேன் என்று இப்போது தெரிகிறதா? சிலருக்கு அந்த விஷம் ஆகாது. முதல் கொட்டில் உடம்பு சொல்லிவிடும். நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவோம், தறிக்கும் காட்டுவோம். மாமியார் அந்த வருஷம் தூபக்காலைப் பந்தலுக்கும் கொண்டுபோக ஆரம்பித்தாள். எட்ட நின்று ஒரு தரம் காட்டிவிட்டு வந்துவிடுவாள். அம்சா கேலி செய்வாள்: "அம்மா, அடுத்த வாரம் பொங்கல் வெச்சிப் படைச்சிடு. நல்லாத் தின்னுட்டுத் தெம்பாக் கொட்டும்." மாமியார் அவள் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். வாரா வாரம் கூடு பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போனால் கழுத்து கூசும்.

வைகாசியில் கருட சேவைக்கு வந்த கூட்டமெல்லாம் ஊருக்குத் திரும்பி, தெரு அடங்கின வாரம் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம். ஒரு கழிப் பட்டு, முறுக்கி வைத்த நூல் கற்றை, சிக்கு விழுந்துவிட்டது. சிக்கெடுக்க, கழியை ஒருத்தி இரண்டு கையிலும் மாட்டி விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருத்தி நூல் நூலாகப் பிரிப்பாள். அம்சா பிடித்துக்கொண்டிருந்தாள், நான் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மாமியார், "தூபக்காலுக்கு நெருப்பு எடுத்துக் குடு" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து போனேன். அடுப்பிலிருந்து தணலை அள்ளிப் போட்டேன், மாமியார் மேலே சாம்பிராணியைத் தூவினாள், அன்றைக்கு என்னவோ கை நிறையத் தூவினாள், வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். நான் தணல் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வருவதற்குள் சத்தம் கேட்டது.

காற்று இல்லாததால் புகை போக வழியில்லாமல் பந்தலுக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் வாசற்படிக்கு வந்தபோது மாமியார் தூபக்காலைப் போட்டுவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு என் மேல் வந்து விழுந்தாள். பந்தலடியில் அம்சா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. கையை உதறியிருந்தால் பட்டு கீழே விழுந்திருக்கும், ஒரே ஓட்டமாக உள்ளே வந்திருக்கலாம், நாலைந்து எட்டுதான். அவள் உதறவில்லை. தம்பி, அவள் பட்டை உதறவில்லை. பிறந்ததிலிருந்து பட்டை உதறாதே, பட்டைத் தரையில் போடாதே என்று கேட்டு வளர்ந்த பெண். வலது கையை மெதுவாக உருவினாள், இடது கையை உருவினாள், கழியை ஒரு முறுக்கு முறுக்கிப் பந்தல்காலில் மாட்டினாள். அப்புறம்தான் ஓடிவந்தாள். நான் அரிசி மூட்டைச் சாக்கை எடுத்து அவள் மேல் போர்த்தி உள்ளே இழுத்தேன். என்னையும் இரண்டு மூன்று கொட்டின. அவள் உதடு அதற்குள் தடித்துவிட்டது. "பட்டு பந்தக்கால்ல மாட்டியிருக்கேன் அண்ணி" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

உன் அப்பா ஜட்கா பிடித்துவர ஓடினார். தெருவே கூடி, சுண்ணாம்பு, வெங்காயம், இரும்பு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்தார்கள். அந்த நேரத்தில் வண்டியில் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் என் மடியில் அவள் மூச்சு நின்றது. அவள் தலை என் மடியில், கால் அவள் அம்மா மடியில். மாமியார் அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நின்ற பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. வண்டிக்காரர்தான் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையை நிறுத்தினார்.

காரியத்தன்று காலையில் உன் அப்பா ஒரு மூங்கில் கழியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, பந்தலுக்குப் போனார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னவோ அந்த மண்ணெண்ணெய் வாடை வயிற்றைப் புரட்டியது, முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காரியத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள், காதோடு ஏதோ கேட்டாள். மாமியார் அத்தனை நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், எழுந்து வந்தாள். உன் அப்பாவுக்கும் பந்தலுக்கும் நடுவில் போய் நின்றாள். "ஒண்ண எடுத்துக்கினு ஒண்ணக் குடுத்திருக்குதுடா. யாரும் அத்த தொடக் கூடாது" என்றாள். உன் அப்பா பந்தத்தைக் கீழே போட்டுவிட்டார்.

ஆமாம், அம்சாவைக் கொன்ற கூடு அப்படியே இருந்தது. நான் உன்னைச் சுமந்துகொண்டு, பின்கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயே கிடந்தேன். ஐப்பசி மழைக்குக் குளவியெல்லாம் போய்விட்டது. மார்கழியில் நீ பிறந்தாய். உன்னைத் தூளியில் போட்ட அன்றைக்கு மாமியார் ஏணி வைத்து ஏறி, காலிக் கூட்டைப் பறித்துவந்து, மஞ்சள் துணியில் முடிந்து, தூளிக் கயிற்றில் கட்டினாள். அது ஆடுவதைப் பார்த்து நீ காலை உதைத்துச் சிரிப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உன் அப்பா சாகும் வரை அந்தப் பந்தலடியில் போய் உட்காரவில்லை. உனக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம், அவருக்கு முல்லை வாசம் ஆகாது என்று சொன்னேன்.

நீ வளர்ந்தது எப்படி என்று உனக்கே தெரியும். "அத்தை உசுரக் குடுத்து வந்த புள்ளடா நீ" என்று சொல்லிச் சொல்லித்தான் ஆயா உனக்குச் சோறு ஊட்டினாள். மற்றப் பிள்ளைகள் மாதிரி நீ எதற்கும் அடம் பிடித்ததில்லை. பட்டாசு வேண்டும், சைக்கிள் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. நல்ல பிள்ளை என்று தெருவே சொன்னது. ஏழாவதில் கணக்கில் பெயிலாகி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆயா கோபத்தில், "இதுக்காடா அவ செத்தா?" என்று கேட்டுவிட்டாள். நீ அழவில்லை. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அப்போ அத்தை சும்மாவே செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாய். நான் சாம்பல் கையோடு உன்னை இழுத்து அணைத்துக்கொண்டேன், பதில் சொல்லவில்லை. ஆயா உள்ளே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லியிருந்தால் அவள் காதில் விழுந்திருக்கும்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கஸ்தூரி தொட விடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிவிட்ட பெண்ணிடம், தெருவே நல்ல சகுனம் என்று சொல்லும்போது, புருஷன் வந்து "எடுத்துடலாமா?" என்று கேட்டால் அவள் வாயிலிருந்து வேறு எந்த வார்த்தை வரும்? எடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்லிவிட்டு அந்தத் தெருவில் தண்ணீர் எடுக்கப் போக முடியுமா? நீ அவளைக் கேட்டதே தப்பு. அவளுக்கும் பயம் இருக்கும். மூச்சுத் திணறியது அவளுக்குத்தானே? கோபித்துக்கொள்ளாதே, இதையும் சொல்லிவிடுகிறேன்: கூடு இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவன் நீ. நீ ஒரு கூட்டினால் பிறந்தவன் என்று பால் குடித்த நாளிலிருந்து கேட்டவன். அந்தத் தூளிக் கயிறு இன்னும் உன்னைவிட்டுப் போகவில்லை. உன் ஆசையை அவள் தலையில் வைத்து எனக்கு எழுதியிருக்கிறாய்.

உன் ஆயா போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி சொல்லலாம். அந்த வருஷம் நீ வயிற்றில் ஐந்தாம் மாதமாக இருக்கும்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாளெல்லாம் கேட்டுக் கணக்குப் போட்டு, பங்குனியிலேயே தங்கிவிட்டது என்றார். பங்குனியில் நம் பந்தலில் முல்லைக் கொடியைத் தவிர ஒன்றும் இல்லை. கூடு வந்தது சித்திரை பிறந்து. அதற்கு முன்னாலேயே நீ வந்துவிட்டாய், எல்லாக் குழந்தையும் வருகிற மாதிரிதான் வந்தாய். நான் வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் மாமியார் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்றாள். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன் என்கிற நினைப்பில்தான் அவள் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் தன் கையால் போட்ட புகை மட்டும்தான் அவளுக்கு மிச்சம். "எல்லாம் நல்லா இருக்குதாம் அத்தே" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்படிச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அவளுக்குக் கொடுத்த ஆறுதலை நீ சுமந்தாய்.

எடுக்கிற விதம் சொல்கிறேன், கவனமாகப் படி. இருட்டுகிற நேரத்தில் எல்லாம் கூட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னாலேயே கஸ்தூரியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, கதவு ஜன்னலைச் சாத்தச் சொல். நீயாக இறங்காதே. தென்னை ஏறுகிறவர்கள் யாராவது இருப்பார்கள், கூப்பிட்டால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நீளக் கழியில் பந்தம் கட்டி ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். பந்தல் பற்றிக்கொள்ளாமல் இருக்கக் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொள். கொடி கொஞ்சம் கருகினால் கருகட்டும், அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அதுவரை பந்தலடிக்கு யாரும் போக வேண்டாம், ஊதுவத்தி கூடக் காட்ட வேண்டாம். தப்பித்தவறி அவளை மறுபடி ஒன்று கொட்டிவிட்டால் சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்காதே, கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடு. மறுநாள் தெருவில் யாராவது அவளைப் பார்த்து, உனக்குப் பிள்ளை வேண்டாமா என்று கேட்டால், அவளைப் பதில் சொல்ல விடாதே. "நான்தான் கொளுத்தினேன், அவளைக் கேட்காதீங்க" என்று நீ சொல். உன் அப்பா நல்ல மனுஷர். அவரால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை.

கிணற்றடியில் நீ கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம் தம்பி, உன் அத்தை சும்மாவேதான் செத்தாள். உனக்காகச் சாகவில்லை. எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பத்தொன்பது வயதில், சாகத் தேவையே இல்லாமல் செத்தாள். அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம், தூங்கினோம், உன்னை வளர்த்தோம். உன் வீட்டில் இன்னொருத்தி அப்படிப் போய், நீயும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நாலு வருஷமாக நான் வாய் தவறிக்கூட உங்களிடம் பேரப்பிள்ளை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எனக்கு என் மருமகள் வேண்டும்.

அம்மா